ஓய்வு நிலையில் ஒரு சுவிட்ச்

டயர் ஆலை மூடிய பிறகும் எங்கள் ஊரில் கணப்பு எரிகிற பெரிய கட்டடம் என்று பார்த்தால், அது தொழில் தகுதி மேம்பாட்டு மையம்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் குணமாகலாம், ஆகாமலும் போகலாம். மையத்துக்குப் போனால் சான்றிதழ் நிச்சயம். நானே அங்கே இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று தேனீ வளர்ப்பு. பயிற்சி பனிக்காலத்தில் நடந்ததால் தேனீயைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் அவற்றைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது. இன்னொன்று சுற்றுலா வழிகாட்டி. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு கோடை முழுவதும் டான்யூப் கரையில் நின்றேன். எதிர்க்கரையில், ருமேனியாவில், ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வழி தெரிந்திருந்தது.

மூன்றாவதாக அவர்கள் அறிவித்தது அலுவலக நெட்வொர்க் பயிற்சி. சுவிட்ச், ரவுட்டர், வீலான் எல்லாம் கற்றுத் தருவார்களாம். சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. ஒரு அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களின் கம்பிகள் எல்லாம் வந்து செருகிக்கொள்கிற தகரப் பெட்டி அது. முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் மின்னும். ஒரே பெட்டியில் செருகியிருப்பவர்களை, நடுவே சுவர் எழுப்பாமலே, கணக்கர் தனி, டாக்டர் தனி என்று ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் பிரித்து வைப்பது வீலான். அப்படிப் பிரித்தவர்களுக்குள் பேச்சு நடக்க வேண்டுமென்றால் நடுவில் நிற்பது ரவுட்டர். பயிற்சியில் சேரும் முன்பே இவ்வளவு எனக்குத் தெரியும். முடித்த பிறகும் இவ்வளவுதான் தெரியும்.

நான் சேர்ந்தது கணப்புக்காக. எனக்குக் கீழ் வீட்டில் இருந்த மொம்சில் சேர்ந்தது வேறு காரணத்துக்காக. அவன் டயர் ஆலையில் வெல்டராக இருந்தவன். அவன் மனைவி தெமெனுகா இத்தாலியில், பொலோன்யாவில், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் அவனும் ஒன்பது வயது மகள் பிலியானாவும் மட்டும். ஒருநாள் மாடிப்படியில் என்னை மறித்துக்கொண்டான்.

"ஸ்பாஸ் அண்ணே, ஆஸ்பத்திரியில நெட்வொர்க் பாக்க ஆள் வேணுமாம். மையத்துச் சான்றிதழ் இருந்தா போதும்னு எழுதிப் போட்டிருக்காங்க."

"உனக்கு வெல்டிங்தானடா தெரியும்."

"கத்துக்குறேன். எனக்குன்னு இங்க ஒரு சம்பளம் இருந்தா தெமெனுகா மறுநாளே பஸ் ஏறிருவா. அவளே சொல்லிட்டா."

"கிடைக்கலைன்னா?"

"மச்சான் ஜெர்மனிக்குக் கூப்பிடுறான். இறைச்சி வெட்டுற ஃபாக்டரி. நானும் போயிட்டா பிள்ளைய யார் பாக்குறது?"

அவ்வளவுதான் அவன் பிரச்சினை. உலகத்தில் அவனுக்கு வேண்டியது ஒரு தகரப் பெட்டியை எப்படிப் பேச வைப்பது என்ற விவரம் மட்டும். அதைச் சொல்லித்தரத்தான் ஒரு மையமே இருந்தது.

மையத்தின் இயக்குநர் கராபாஷெவ். பேருக்கு முன்னால் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்வார், மற்றவர்களும் போட வேண்டும். அவர் எதையும் கட்டியதாக ஊரில் யாரும் பார்த்ததில்லை. திறப்பு விழாக்கள் மட்டும் நிறைய நடத்தியிருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக எதைத் திறந்தாலும், மருந்துக்கடையோ பெட்ரோல் பங்க்கோ, பாதிரியார் வந்து செப்புப் பாத்திரத்துத் தண்ணீரில் துளசிக்கொத்தை நனைத்துத் தெளிக்காமல் திறக்க மாட்டோம். நெட்வொர்க் ஆய்வுக்கூடத்துக்கும் அப்படியே ஏற்பாடு. மேசை மேல் புது சுவிட்ச். பக்கத்தில் சம்பிரதாயத்துக்கு ரொட்டியும் உப்பும். ஊர்ப் பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்கிறவரும் வந்திருந்தார்.

இயக்குநர் பேசினார்.

"இந்த மையம் எத்தனையோ பேருக்கு வேலைக்கான தகுதியக் குடுத்திருக்கு. தகுதி குடுக்குறதோட எங்க கடமை முடிஞ்சுது. அதுக்கப்புறம் வேலை கிடைக்கலைன்னா, தகுதி இருந்தும் வேலை இல்லாதவர்ங்கற கௌரவம் அவங்களுக்கு இருக்கு. அந்த கௌரவம் பக்கத்து மாவட்டத்துல கிடையாது."

கைதட்டினோம். மெத்தோதி பாதிரியார் துளசிக்கொத்தை நனைத்தவர், பெட்டியில் விளக்குகள் மின்னுவதைப் பார்த்துக் கையை நிறுத்திக்கொண்டார்.

"கரண்ட்ட நிறுத்திட்டா தேவலையே, இன்ஜினியர் சார்."

"விளக்கு எரியணும் ஃபாதர். இல்லன்னா போட்டோவுல உசிர் இருக்காது. நீங்க தெளிங்க."

"இதுல தண்ணி படலாமா?"

"புனித நீர்தானே ஃபாதர். குழாய்த் தண்ணியா?"

பாதிரியார் தயக்கத்தோடு லேசாகத்தான் தெளித்தார். போட்டோக்காரருக்குப் போதவில்லை, இன்னொரு தடவை, கையை உயர்த்தி, என்றார். இரண்டாவது தடவை தாராளமாக விழுந்தது. பெட்டிக்குள் சின்னதாக ஒரு சீறல் கேட்டது. பொசுங்கிய வாடை வந்தது. விளக்குகள் இடமிருந்து வலமாக அணைந்தன. படம் நன்றாக வந்திருந்தது.

சுவிட்ச் கெட்டுப்போய்விட்டது என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். மையத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அரசாங்கப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு ஆள் கையெழுத்துப் போட்டிருப்பார், கெட்டுப்போனால் அது அவர் தலையில் விடியும். சுவிட்சுக்குக் கையெழுத்துப் போட்டவள் ஸ்டோர் பார்க்கும் ஸ்லாத்கா. அவள் இயக்குநர் அறை வாசலில் நின்று சத்தம் போட்டது எங்களுக்கு வகுப்பறையில் கேட்டது.

"கெட்டுப்போச்சுன்னு எழுதுனா எப்படிக் கெட்டுச்சுன்னும் எழுதணும். எழுதவா? போட்டோ வேற பத்திரிகையில வந்திருக்கு. அதுல நான் இல்ல, நீங்கதான் இருக்கீங்க."

உடனே மூன்று பேர் கமிட்டி கூடியது. இயக்குநர், ஸ்லாத்கா, விரிவுரையாளர் தோச்செவ். மதியம் வரை சுவிட்சைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். முடிவை தோச்செவ் வந்து வாசித்தார்: "சாதனம் முழு அளவில் செயல்படத்தக்கது. தற்போது ஓய்வு நிலையில் உள்ளது." பெட்டியின் மேல் முத்திரை குத்திய காகிதப் பட்டையை ஒட்டினார்கள். ஓய்வு நிலையில் இருப்பதை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா. ரவுட்டரை ஸ்லாத்கா அட்டைப் பெட்டியோடு ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டாள். இனி எந்த விழா நடந்தாலும் அது வெளியே வராது என்று சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

தோச்செவைப் பற்றிச் சொல்லவில்லையே. ஒரு காலத்தில் பள்ளியில் ரஷ்ய மொழி வாத்தியார். பிறகு எனக்குத் தேனீ வளர்ப்பு கற்பித்தவரும் இவரே, சுற்றுலா கற்பித்தவரும் இவரே. கெட்டவர் கிடையாது. அவருக்கும் கணப்பு தேவைப்பட்டது. நெட்வொர்க் பாடத்தை ஒரு தடித்த அச்சுக் காகிதக் கட்டைப் பார்த்து எழுதப் போடுவார். நாங்கள் எழுதுவோம். அந்தக் கட்டுக்குள் என்ன கட்டளை தட்டினால் சுவிட்ச் என்ன செய்யும் என்று சரியாகவே போட்டிருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

செய்முறை வகுப்பு வந்தபோதுதான் சங்கடம். தட்டிப் பார்க்க சுவிட்ச் இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது. வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது, கமிட்டி சொல்லிவிட்டது. தோச்செவ் ஒரு இரவு யோசித்துவிட்டு வந்தார். சுவிட்ச் இருந்த மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அச்சுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கீபோர்டுல கட்டளையத் தட்டி, வாயாலயும் சொல்லுங்க. சரியா இருந்தா நான் 'சரி'ன்னு சொல்வேன். தப்பா இருந்தா 'புரியல'ன்னு சொல்வேன். நான்னா நான் இல்ல. சுவிட்ச்."

கீபோர்டு எதிலும் செருகப்படவில்லை. முதல் ஆளாக மொம்சில் போய் உட்கார்ந்தான். நோட்டில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான், சொன்னான்.

"சரி," என்றது சுவிட்ச்.

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அன்று அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான், நானும் கெடுக்கவில்லை.

நாளாக ஆகத் தோச்செவ் அந்த நாற்காலியில் ஊறிப்போனார். ராக்கியாச் சாராயம் அதிகமான மறுநாள் சுவிட்ச் காலையில் எதற்கும் பதில் சொல்லாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதைத் தட்டினாலும் சரி என்றது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் "நான் என்ன உங்க வீட்டு நாயா" என்று கேட்டது. மொம்சில் இதையெல்லாம் கவனித்து மனதில் வைத்துக்கொண்டான். தட்டுவதற்கு முன் ஒரு நொடி பொறுத்து, சுவிட்சின் முகத்தைப் பார்த்து, அது இருமி முடித்ததும் தொடங்குவான். எங்களில் அவன் அளவுக்கு "சரி" வாங்கியவர் யாரும் இல்லை.

அப்புறம் வீலான் பாடம். இயக்குநர் தாமே வந்து உட்கார்ந்து கேட்டார். பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரே ரூம்ல உக்காந்திருக்கிறவங்களைச் சுவரில்லாமப் பிரிக்கிறது. அடுத்த மேசையில என்ன நடக்குதுன்னு தெரியாமப் பண்றது. மேல இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் எல்லாம் தெரியும். இதை நான் இந்த மையத்துல இருபது வருஷமா செஞ்சிட்டு வரேன். பேரு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

செய்முறைக்காக எங்களை இரண்டு வீலானாகப் பிரித்தார்கள். நான் ஒன்றில், மொம்சில் இன்னொன்றில். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில், தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வீலான் மாறிப் பேசினால் மதிப்பெண் குறையும். பேசியே ஆக வேண்டுமென்றால் ரவுட்டர் வழியாகப் போக வேண்டும். ரவுட்டர் ஸ்டோரில் பூட்டியிருந்ததால், அதற்குக் கையெழுத்துப் போட்ட ஸ்லாத்காவே ரவுட்டராக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவள் தாழ்வாரத்தின் கடைசியில் ஸ்டோரை விட்டு நகர மாட்டேன் என்றாள்.

ஒருநாள் மதியம் நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். உப்பு மொம்சிலின் பொட்டலத்தில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கை தூக்கினேன். என்ன என்று சுவிட்ச் கேட்டது. உப்பு வேண்டும் என்றேன். சுவிட்ச் எனக்கு ஒரு சிவப்பு நூலைக் கையில் கட்டியது, எந்த வீலானிலிருந்து வருகிறேன் என்று ரவுட்டருக்குத் தெரிய வேண்டுமாம். தாழ்வாரம் முழுக்க நடந்தேன். ஸ்லாத்கா நூலைப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"மொம்சிலுக்கு. உப்பு கேக்கணும்."

"அவன் வீலானுக்கு வழி போட்டிருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தோச்செவக் கேட்டுட்டு வா. நான் அந்த ஆள்கூடப் பேசுறதில்ல. போன கிறிஸ்துமஸ்ல இருந்து."

"ஸ்லாத்கா, நீதானே ரவுட்டர்."

"ஒரு மணி வரைக்கும். இப்ப சாப்பாட்டு நேரம்."

திரும்பி வந்து தக்காளியை உப்பில்லாமல் தின்றேன். மொம்சில் தன் உப்பை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்திருக்கலாம். மதிப்பெண் போய்விடும் என்ற பயம். ஆஸ்பத்திரி வேலைக்கு முதல் மதிப்பெண்காரனைத்தான் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் நடந்து வரும்போது மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, நிஜ சுவிட்ச் இப்படித்தான் பதில் சொல்லுமா?"

"நிஜத் தேனீயையே நான் பாத்ததில்லடா."

மறுநாள் அவன் இயக்குநரைப் போய்ப் பார்த்தான். துணைக்கு நானும் போனேன். விளக்கு எரிகிற ஒரு சுவிட்சை, எங்கேயாவது, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். கராபாஷெவ் கோபப்படவில்லை. அவனை உட்காரச் சொல்லிக் கடலைத் தட்டைக்கூட நகர்த்தினார்.

"மொம்சில், ஓடுற மிஷின்ல கத்துக்கிட்டவன் அந்த மிஷினுக்கு அடிமை ஆயிடுவான். அது நின்னா இவனும் நின்னுடுவான். ஓடாத மிஷின்ல கத்துக்கிட்டவன் யாரையும் நம்ப வேண்டியதில்ல. நான் இந்த நாற்காலியில உக்காரும்போது இந்த மையத்துல எதுவுமே ஓடல. அதான் என்னால இவ்வளவு தூரம் வர முடிஞ்சுது."

வெளியே வந்ததும் மொம்சில் என்னைப் பார்த்தான். "அவர் சொல்றதுல ஏதோ இருக்கு இல்லண்ணே?" என்று கேட்டான். ஏதாவது இருக்க வேண்டுமே என்கிற ஆசை அவனுக்கு.

பரீட்சைக்குத் தலைநகரிலிருந்து ஆலோசகர் ஒரு அம்மாள் வந்தாள். முதலில் சுவிட்சின் மேல், திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் ஐரோப்பியர்களின் நட்சத்திரச் சின்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டியிருந்தது. அளவு சரியா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். சரிதான். அப்புறம் யோசனையோடு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"விளக்கு எதுவும் எரியலையே?"

ஸ்லாத்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இயக்குநர் அசரவில்லை.

"மின்சிக்கனம் மேடம். எங்க திட்டத்துல பசுமைப் பகுதின்னு ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் இந்த சுவிட்ச் ஒரு யூனிட் கரண்ட்கூடச் செலவு பண்ணல."

"ரொம்ப நல்ல விஷயம். மத்த மாவட்டங்கள்ல இதைப் பத்தி யோசிக்கிறதேயில்ல," என்று அந்த அம்மாள் மகிழ்ந்து எழுதிக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் யார் என்று அவள் கேட்கவேயில்லை. எல்லா மையத்திலும் ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

மொம்சில் ஒரு முறை கூடத் தடுமாறவில்லை. வீலான் போட்டான், பெயர் வைத்தான், எந்தக் கம்பி எந்த வீலானுக்கு என்று பிரித்தான். சரி, சரி, சரி என்றது சுவிட்ச். கடைசியில் அதன் குரல் தழுதழுத்தது. தோச்செவுக்கு உண்மையிலேயே அவன்மேல் பிரியம். ஆறுக்கு ஆறு. தங்க ஓரம் போட்ட சான்றிதழோடு சுவிட்சின் மேல் கை வைத்துச் சிரிக்கச் சொல்லி அவனைப் படம் எடுத்தார்கள்.

அவன் மாடிப்படியில் நின்றபடியே பொலோன்யாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் தெமெனுகாவின் குரல் கேட்டது.

"நிஜமாவா சொல்ற? விளையாடாத."

"ஆறு வாங்கியிருக்கேன். ஆஸ்பத்திரியில திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப நான் இங்க சொல்லிடட்டுமா? சொன்னா அவங்க வேற ஆள் வச்சிருவாங்க மொம்சில். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சொல்லிடு."

அந்தப் பக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிலியானா இரண்டு படி ஒன்றாக ஏறி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். ரத்த அழுத்த மாத்திரைக்காகப் பதிவு ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சுவிட்ச், எல்லா விளக்குகளும் மின்னிக்கொண்டு. எதிரே நாற்காலியில் மொம்சில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. தலைமை மருத்துவர் டாக்டர் வெல்கோவா அவன் தோள்மேல் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்ரே படமெல்லாம் ஆபரேஷன் ரூமுக்கும் என் ரூமுக்கும் மட்டும் வரணும். ரிசப்ஷன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது. அதுக்கு ஒரு தனி வீலான் போட்டுக் குடுங்க. அவசரமில்ல, நிதானமாப் பண்ணுங்க."

அவர் போனதும் மொம்சில் ஒரு நொடி பொறுத்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு தட்டினான். வாயாலும் சொன்னான், வரிசையில் நின்ற எனக்கே கேட்டது. தட்டி முடித்துக் கையை எடுத்துக் காத்திருந்தான்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அடுத்த வரி வந்து, கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். தலையை நீட்டிப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

உள்ளே போய் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். என்ன சொல்வது? எனக்கும் தோச்செவ்தான் வாத்தியார். மொம்சில் மறுபடி தட்டினான். மறுபடி மௌனம். சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் போட்டதை அழித்தான். வேறு மாதிரி போட்டுப் பார்த்தான், அதையும் அழித்தான். எதை அழிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாத இடத்துக்குப் போய்விட்டான் என்று நினைக்கிறேன். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. பதிவு ஜன்னலில் இருந்த பெண் எழுந்து நின்று, "எல்லாருக்கும் திரை நின்னுபோச்சா?" என்று உள்ளே குரல் கொடுத்தாள். எல்லாருக்கும் நின்றிருந்தது.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு இளைஞன் காரில் வந்து சரி செய்ய மாலையாகிவிட்டது. அதுவரை ஆஸ்பத்திரியில் யார் பெயரும் பதிவாகவில்லை. எக்ஸ்ரே படங்களை நர்ஸ்கள் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார்கள். அந்த இளைஞன் திரையை மேலே தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு மொம்சிலிடம் திரும்பினான். அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"முதல்ல போட்டிருக்கீங்களே, இது சரியாத்தான் இருக்கு. அப்படியே விட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். ஏன் அழிச்சீங்க?"

"அது ஒண்ணும் சொல்லலையே."

"சரியாப் போட்டா அது எதுவும் சொல்லாதுங்க. தப்புன்னாத்தான் சொல்லும்."

டாக்டர் வெல்கோவா நல்ல மாதிரி. கத்தவில்லை. அன்றைய சம்பளத்தையும் போட்டுவிடச் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மையத்துச் சான்றிதழைப் பார்த்து ஆள் எடுத்தது தன் தவறு என்றும் சொன்னார். அந்த நேரத்தில் தெமெனுகாவின் பஸ் செர்பியாவுக்குள் எங்கேயோ வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையே மொம்சில் மையத்துக்குப் போனான். நானும் போனேன். திரும்பவும் படிக்கிறேன், ஓடுகிற சுவிட்சில் இரண்டு வாரம் பழகவிட்டால் போதும், எனக்குக் கட்டளை எல்லாம் தெரியும், அது மௌனமாக இருக்கும் என்பதுதான் தெரியாமல் போயிற்று என்று கெஞ்சினான். அவன் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கராபாஷெவ் பொறுமையாகக் கேட்டார்.

"உனக்கு வேலை கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது சார். ஒரு நாள்."

"ஒரு நாளோ ஒரு ஜென்மமோ, எங்க அறிக்கையில அது வேலைதான். நீ எங்க வெற்றி. வெற்றியடைஞ்சவனைத் திரும்பச் சேக்க விதி கிடையாது."

"எனக்குத் தெரியல சார். நான் சொல்றேனே, எனக்குத் தெரியல."

"அது உன் அபிப்பிராயம். நீ ஆறு வாங்கினவன். தெரியாதுன்னு நீ சொன்னா அரசாங்க முத்திரை பொய்யின்னு ஆகுது. அப்புறம் நான் கமிட்டி போடணும். கமிட்டி என்ன சொல்லும்? உனக்கு எல்லாம் தெரியும், தற்போது நீ ஓய்வு நிலையில இருக்கேன்னு சொல்லும். அதைக் கேக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

பிறகு எழுந்து வந்து அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். வெளியில் தோச்செவ் நின்றிருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "நான் சொல்லியிருக்கணும்," என்றார். "ஆனா சும்மா உக்காந்திருந்தா எனக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்டிருப்பாங்க." மொம்சில் அவரைத் திட்டவில்லை.

வேலையில்லாதவர்கள் பெயரைப் பதியும் அலுவலகத்திலும் காரியம் ஆகவில்லை. வேலை கிடைத்தவன் என்று மையம் ஏற்கெனவே தெரியப்படுத்தியிருந்ததால், அவன் பெயரை அங்கே எடுத்துவிட்டிருந்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு பிலியானா தலையை வாரி ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தெமெனுகா இரண்டு பெரிய கட்டம் போட்ட பைகளோடு இறங்கினாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு, வளர்ந்துவிட்டாயே, வளர்ந்துவிட்டாயே என்றாள். பிறகு மொம்சிலின் முகத்தைப் பார்த்தாள். அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான், நீட்டிச் சொல்ல அதில் என்ன இருக்கிறது. டிரைவர் இன்னும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"திரும்ப எப்பப் போறீங்க?"

"சனிக்கிழமை. ஏம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

பொலோன்யாவில் அவள் இடத்துக்கு மால்டோவாக்காரி ஒருத்தி வந்துவிட்டாள். இன்னும் தெற்கே, கடலோரத்தில், வேறொரு கிழவர் கிடைத்தார், சம்பளம் முன்பைவிடக் குறைவு. அது போதாது என்றுதான் மொம்சிலும் ஜெர்மனிக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். பிலியானா இப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டு எங்கள் வீட்டில் தூங்குகிறாள். என் மனைவி அவளுக்குச் சட்டை தைத்துப் போடுகிறாள். ராத்திரியில் போன் வந்தால் பிள்ளை பேசுகிறாள், வராவிட்டால் கேட்பதில்லை.

மையத்துக்கு வசந்தத்தில் புதுத் திட்டம் கிடைத்தது. ஊர் முழுக்க விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்திலும் ஒன்று, கண்ணாடிக்குள், ஆள் உயரத்துக்கு. சான்றிதழோடு மொம்சில் சிரிக்கிறான், கை சுவிட்சின் மேல். கீழே பெரிய எழுத்தில்: "படித்தேன். வேலை கிடைத்தது. குடும்பத்தோடு ஊரிலேயே இருக்கிறேன்."

அதைக் கிழிக்க வேண்டும் என்று ஒருநாள் நான் கல்லை எடுத்தேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். கராபாஷெவிடம் போய் எடுக்கச் சொன்னேன். அது திட்டத்தின் சொத்து, ஸ்லாத்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஐந்து வருஷத்துக்கு அதை அசைக்க முடியாது என்றார்.

காலையில் பள்ளிப் பேருந்துக்கு பிலியானாவை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். மற்றப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து உங்கப்பா, உங்கப்பா என்கிறார்கள். இவள் பேருந்து வரும்வரை அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறாள். நேற்று ஏன் என்று கேட்டேன்.

"பாத்தா அப்பா இங்கயே இருக்கிற மாதிரி இருக்கு மாமா," என்றாள். "அப்புறம் பஸ் ஏற முடியல."